இரும்புப் பெட்டியில் பன்னிரண்டு வீடுகள்

அன்று அந்த நிலத்தில் இருந்தவர்கள்: மண்டோர் காத்தமுத்து, அஞ்சலை, பெருமாள், சின்னப் பெருமாள், ராமாயி, குப்புசாமி, அந்தோணி, வெள்ளையன், மாரியாயி, சுப்பிரமணி, நாகப்பன், நான். இது பன்னிரண்டு. டவுன் கவுன்சில் ஓவர்சியர் ஒருவர். ஆக மொத்தம் பதின்மூன்று பேர்.

ஏன் இவ்வளவு துல்லியம் என்கிறீர்களா? காட்டில் கம்யூனிஸ்ட் வேட்டை நடக்கும் இந்த எமர்ஜென்சி காலத்தில் ஐந்து பேருக்கு மேல் ஓர் இடத்தில் கூட்டம் போட்டால் பெர்மிட் வேண்டும். எங்கள் பெர்மிட்டுக்கு மனு எழுதிக் கொடுத்தவன் நான். எழுதியதில் ஓர் ஆள் கூடினாலோ குறைந்தாலோ யாருக்கு வம்பு? எனக்குத்தான்.

அப்படியும் பதினான்காவதாக ஒருவர் வந்து, சைக்கிளைச் சாய்த்துவிட்டு நின்றார். ஸ்டேஷனிலிருந்து அனுப்பப்பட்ட கான்ஸ்டபிள். நான் பட்டியலை எடுத்துக்கொண்டு அவரிடம் ஓடினேன்.

"துவான், உங்க பேரையும் இதுல சேர்க்கணுமா?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நான் போலீஸ். என்னை எதுக்கு எண்ணுறே?" என்று மலாயில் சொல்லிவிட்டு நிழல் தேடிப் போனார்.

எனக்கு மனசு ஆறவில்லை. பட்டியலின் ஓரத்தில் 'கூட ஒரு கான்ஸ்டபிள்' என்று பென்சிலால் எழுதி வைத்துக்கொண்டேன்.

நீங்கள் இத்தனை பெயரையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டாம். மண்டோர், அஞ்சலை, ராமாயி, ஓவர்சியர் – இந்த நாலு பேர் போதும். ஐந்தாவது ஆள் ஒருவன் உண்டு... தப்பு செய்தவன். அவனைத்தான் நீங்கள் வாராவாரம் இந்தப் பக்கத்தில் சந்திக்கிறீர்கள்.

நடந்து மூன்று வாரம் ஆகிறது. போன வாரம் கொசுவைப் பற்றி எழுதினேன். அதற்கு முந்தின வாரம் வெங்காய விலை. உண்மையில் இதைத்தான் எழுதியிருக்க வேண்டும். கை வரவில்லை. இப்போது முடிவு தெரிந்துவிட்டது. ஆகவே தைரியமாக எழுதுகிறேன். முடிவு தெரிந்தபின் தைரியம் வருவது எனக்குப் பழக்கம்தான்.

முதலில் நிலத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் சின்ன டவுனுக்கு வெளியே, ஜாசின் போகும் ரோட்டோரம், கவுன்சிலுக்குச் சொந்தமான ஒரு நீளத் துண்டு நிலம். முன்பு மாட்டு வண்டிகள் நிற்கும் இடம். வண்டிகள் போய் லாரிகள் வந்தபின் லாலாங் புல் மண்டிக் கிடந்தது. பக்கத்தில் இருக்கும் ரப்பர் தோட்டத்தையோ துண்டு போட்டு விற்றுக்கொண்டிருக்கிறார்கள். துண்டு போட்டால் மரம் ஒருவருக்கு, மண் ஒருவருக்கு. தோட்டத்துக் குடியிருப்பான லயத்தில் இருப்பவர்கள் யாருக்கு?

யாருக்கும் இல்லை. அதுதான் சிக்கல். தோட்டத்து வேலை போனால் தோட்டத்து வீடும் போச்சு. காட்டோரத்தில் ஒரு குடிசை போட்டுக்கொள்ளலாம் என்றால், இந்தக் காலத்தில் அது நடக்கிற காரியமா? மறுநாளே லாரியில் ஏற்றிக் கம்பி வேலி போட்ட புதுக் குடியேற்றத்துக்குள் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள்.

அந்தச் சமயத்தில்தான் கூட்டுறவு இலாகா ஆபீசர் ஒருவர், நான் கணக்கு எழுதும் காதர் பாய் கடைக்குச் சிகரெட் வாங்க வந்தார். வந்தவர் ஒரு விஷயம் சொன்னார். கவுன்சில் அந்த நிலத்தை விற்காது; தனி ஆளுக்கும் தராது. ஆனால் பதிவு செய்த வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கம் ஒன்று இருந்தால், முப்பது வருடக் குத்தகைக்குக் கொடுக்கும். வாடகை கொஞ்சம்தான். வீட்டை அவரவர் கையால் கட்டிக்கொள்ள வேண்டும். காண்டிராக்டருக்குக் கொடுக்கும் கூலி மிச்சம்.

சிகரெட் வாங்க வந்தவர் ஒரு சங்கத்தை ஆரம்பித்துவிட்டுப் போய்விட்டார்!

பதினோரு தோட்டக் குடும்பங்கள். பன்னிரண்டாவது நான் – கடையின் பின்கட்டில் மனைவியோடு ஒண்டிக் குடியிருப்பவன். தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் காத்தமுத்து தலைவர். செக்ரெட்டரி யார்? "தம்பி கையெழுத்து நல்லா இருக்கு" என்றார்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்குக் கையெழுத்தாவது நன்றாக இருக்க வேண்டாமா? மாட்டிக்கொண்டேன்.

குடும்பத்துக்கு மாதம் ஐந்து வெள்ளி பணம் சேர்த்தோம். ஒரு வழியாகக் கவுன்சிலிலிருந்து கடிதம் வந்தது. ஆறு மாதத்துக்குள் அடிக்கற்களை நட்டு, ஓவர்சியர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் குத்தகைப் பத்திரம். போடாவிட்டால் நிலம் திரும்பக் கவுன்சிலுக்கு. அதை லாரி நிறுத்தக் கேட்டு இன்னொருவர் ஏற்கனவே மனுப் போட்டு வைத்திருந்தார்.

கடிதத்தோடு ஒரு பிளானும் வந்தது. நீலக் காகிதத்தில் வெள்ளைக் கோடு. "ஜாக்கிரதை-லா, தொலைச்சா இன்னொன்னுக்குப் பணம் கட்டணும்" என்று ஓவர்சியர் சொல்லிக் கொடுத்தார்.

அதை அவர் என்னிடம் சொல்லியிருக்கக் கூடாது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? பிளானை நியூஸ் பேப்பரில் சுற்றி, அதை மெழுகுத்துணியில் சுற்றி, சணல் கயிற்றால் கட்டி, காதர் பாய் கடை இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். தினம் இரண்டு தரம் திறந்து பார்த்துக்கொண்டேன். பிளானை அல்ல – மூட்டையை. அவிழ்த்தால் கிழிந்துவிட்டால்?

வேலை தொடங்கியது. பால்மரம் வெட்டி, பால் எடுத்து, ஸ்டோரில் கொடுத்துவிட்டு இரண்டரை மணிக்கு வருவார்கள். ஆறு மணிக்குத் தோட்டத்துக் கேட் மூடிவிடும். ஐந்தரைக்கெல்லாம் மண்வெட்டியைக் கழுவ வேண்டும். ஆக, ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம். வாளியில் தேத்தண்ணி. சோறு கட்டி எடுத்துவர முடியாது; காட்டில் இருப்பவர்களுக்குப் போய்விடும் என்று கேட்டில் சோதனை.

மண்டோர் பழக்கத்தை விடவில்லை. நிலத்திலும், காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக் களத்தில் நிற்பது போல் நின்று, பெயர் கூப்பிடுவார். லேட்டாக வந்தால் "அரைப் பேர்தான்!" என்பார்; தோட்டத்தில் அதற்கு அரை நாள் கூலி என்று அர்த்தம்.

"இது ஒங்க தோட்டமா மண்டோரே?" என்று ராமாயி ஒருநாள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டாள். "எங்க வீட்டுக்கு நாங்க எப்ப வேணா வருவோம்லா!"

"ஒன் வீடுன்னா சீக்கிரமா வரணும்லா. லேட்டா வர்றதுக்கு இது என்ன தொரை வீடா?"

எல்லாரும் சிரித்தார்கள். ராமாயிக்கும் சிரிப்புத்தான். அன்று அவளுக்கு முழுப் பேர் போட்டேன்.

மூன்று தடவை மண்டோர் என்னிடம் பிளான் கேட்டார். "செக்ரெட்டரி, அந்தப் படத்தக் கொஞ்சம் கொண்டாங்களேன்."

மூன்று தடவையும் நான் சொன்னேன்: "மண்ணு பட்டுரும் மண்டோரே. மழ வேற வருது. நான் வாயால சொல்லிர்றேன். பன்னெண்டு வீடு. ஒவ்வொண்ணும் பதினெட்டடி அகலம், இருபதடி நீளம். முகப்பு ரோட்டப் பாத்து. அவ்வளவுதான்."

நான் சொன்னதில் ஒரு பொய் கிடையாது. ஆனால் ஒன்றை விட்டுவிட்டேன். எதை என்று எனக்கே தெரியாது – நான்தான் பிளானைப் பார்க்கவே இல்லையே!

மண்டோர் கயிறு பிடித்தார். ரப்பர் கன்று நடக் கயிறு பிடிக்கிற அதே கை. முளை அடித்தார்கள். குழி வெட்டினார்கள். ஐம்பத்திரண்டு சிமெண்டுக் கற்களை வார்த்து, காயவைத்து, நட்டார்கள். இனி அதன்மேல் மரத்தூணை நிறுத்திப் பலகை அடிக்க வேண்டியதுதான்.

ஆறு மாதம் முடிய இரண்டு வாரம் இருக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், ஓவர்சியர் வந்தார். மேலே நான் கொடுத்த பட்டியல் அந்த நாளினுடையது.

ஓவர்சியர் ஐரோப்பியக் கலப்பு வம்சத்துச் சிராணிக்காரர். ஐம்பது வயதிருக்கும். தமிழ் ஓரளவு பேசுவார். வந்தவர் நிலத்தின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நடந்தார். திரும்பி நடந்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்து பார்த்தார். கற்கள் ஒரு நூல் விலகாமல் நின்றன. மண்டோர் மீசையைத் தடவிக்கொண்டார்.

"நல்ல வேலை. ரொம்ப ஸ்ட்ரைட்" என்றார் ஓவர்சியர். "ஆனா... வீடு எங்கே?"

"இதோ சார். பன்னெண்டு வீடு" என்றார் மண்டோர்.

"பன்னெண்டு இல்லை-லா. ஒன்னு. நீ...ளமா ஒரே ஒரு வீடு. நடுவில பன்னெண்டு ரூம்." கையால் காற்றில் ஒரு கோடு இழுத்தார். "இது தோட்டத்து லைன்."

மண்டோரின் கை மீசையை விட்டு இறங்கியது.

அப்போதுதான் நானும் பார்த்தேன். ஆமாம்... லயம்தான். சுவரோடு சுவர் ஒட்டிய பன்னிரண்டு அறைகள். கவுன்சில் நிலம், சொந்தக் காசு, சொந்தக் கை. யாரும் எங்களை அதட்டவில்லை. யாரும் அளந்து கொடுக்கவில்லை. எப்படி வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளுங்கள் என்று விட்டால் எங்கள் கை என்ன கட்டியது? லயம் கட்டியது!

நான் ஏன் கவனிக்கவில்லை? தினமும்தானே அங்கே நின்று சிமெண்டு மூட்டையை எண்ணினேன்? நானும் லயத்தில் பிறந்தவன். என் கண்ணுக்கு அது சரியாகத்தான் பட்டது.

"வீட்டுக்கும் வீட்டுக்கும் பத்தடி இடம் விடணும். நெருப்புப் பிடிச்சா எல்லாம் போகும்-லா. பிளான்ல இருக்கே? பிளான் எங்கே?"

"பத்திரமா இருக்கு சார்" என்றேன்.

"எங்கே பத்திரமா?"

"கடையில... இரும்புப் பெட்டியில."

பன்னிரண்டு தலைகள் என் பக்கம் திரும்பின. கான்ஸ்டபிளுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் அவரும் திரும்பினார்.

மண்டோர் மெதுவாகத்தான் பேசினார். கத்தியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். "மூணு தடவ கேட்டேன் சார். மண்ணு பட்டுரும்னாரு. இப்பப் படம் சுத்தமா இருக்கு. மண்ணு எங்க வாயில."

ஏதோ சொன்னேன். என் தப்புத்தான், என் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளுங்கள், நான் செக்ரெட்டரி வேலையை விட்டுவிடுகிறேன்... என்னென்னவோ. ஓவர்சியர் தலையை ஆட்டினார். அவரால் இதில் கையெழுத்துப் போட முடியாது. கவுன்சில் கூட்டம் வருகிற செவ்வாய் விட்டு அடுத்த செவ்வாய். அதற்குள் சரியாக இல்லையென்றால் ஃபைலை மூடிவிடுவார்கள்.

அப்போது அஞ்சலையக்கா முன்னால் வந்தார்.

அவரைப் பற்றி இரண்டு வரி. பால்மரம் வெட்டுகிறவர். கணவர் இறந்து மூன்று வருடம். இரண்டு பெண் பிள்ளைகள். மற்றவர்களுக்கு லயத்தைக் காலி செய்ய இன்னும் மாதங்கள் இருக்கின்றன. அஞ்சலையக்காவும் அடுத்த வீட்டு ராமாயியும் இருக்கும் லயத்தின் துண்டை வாங்கியவருக்கு மட்டும் அவசரம். அடுத்த மாதக் கடைசியில் லயத்தை இடிக்கிறார். அதற்குள் இங்கே ஒரு கூரை எழும்பினால் உண்டு. இல்லாவிட்டால் அஞ்சலையக்கா எங்கே போவார் என்று எங்கள் யாருக்குமே தெரியாது.

"சார், ஒண்ணு சொல்லலாமா?" என்றார். "நாங்க வேணும்னு இப்படிக் கட்டல. வீடுன்னா இப்படித்தான் இருக்கும்னு நெனச்சுக் கட்டிட்டோம். வேற மாதிரி வீட்டுல நாங்க எப்ப இருந்தோம்?"

ஓவர்சியர் தொப்பியைக் கழற்றினார்.

"கல்லப் பிடுங்கி நடறது எங்களுக்குப் பெருசில்ல சார். மரத்தையே வேரோட பிடுங்குற ஆளுங்க. நீங்க சொல்ற மாதிரி தள்ளி வச்சுடறோம். ஆனா எனக்கு ஒரு பக்கத்துல மட்டும் சுவரு வேணும்."

"நாலு பக்கமும் சுவர் இருக்கும்-லா."

"அதில்ல சார். பக்கத்து வீட்டுச் சுவரு." ராமாயி பக்கம் கையைக் காட்டினார். "சின்னவ பொறந்தப்ப அவரு சாமான் வாங்கப் பாசாருக்குப் போயிட்டாரு. எனக்குக் கத்தக்கூட தெம்பில்ல. சுவத்தத் தட்டினேன். ராமாயி ஓடி வந்தா. அவருக்கு முடியாமப் போனப்பவும் சுவத்தத்தான் தட்டினேன். பத்தடி தள்ளிப் போயிட்டா நான் எதத் தட்டுவேன்?"

"இவ தட்டுன தட்டுல எங்க சாமி படம் கீழ விழுந்துருச்சு சார்" என்றாள் ராமாயி. கண்ணைத் துடைத்துக்கொண்டேதான் சொன்னாள். "கண்ணாடிக் காசு இன்னும் தரல."

ஓவர்சியர் சிரித்துவிட்டார். பிறகு கொஞ்ச நேரம் கற்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் இருக்கும் கவுன்சில் குவார்ட்டர்ஸ் இரட்டை வீடாம். ஒரே கூரை, நடுவில் ஒரு சுவர், இந்தப் பக்கம் ஒரு குடும்பம், அந்தப் பக்கம் ஒரு குடும்பம். "பக்கத்து வீட்டுக்காரன் தும்மினா என் வொய்ஃப் இங்கேயிருந்து 'ப்ளெஸ் யூ' சொல்லும்" என்றார்.

கவுன்சில் தன் கிளார்க்குகளுக்கு அப்படிக் கட்டிக் கொடுத்திருக்கும்போது எங்களுக்கு ஏன் கூடாது?

ஒரு காலி சிமெண்டுப் பையைக் கிழித்துத் தரையில் விரித்தார். பென்சில் வேண்டும் என்றார். கான்ஸ்டபிளைச் சேர்த்து எழுதிய என் பென்சிலைத்தான் கொடுத்தேன். இரண்டிரண்டு வீடாக ஆறு ஜோடி வரைந்தார். ஜோடிக்கு நடுவில் மட்டும் செங்கல் சுவர், கூரை வரைக்கும். ஜோடிக்கும் ஜோடிக்கும் இடையில் பத்தடி. நிலத்தின் நீளத்துக்குள் சரியாக அடங்கியது.

"புது பிளான் நான் போடறேன். கூட்டத்தில நான் பேசறேன். ஆனா அன்னிக்குக் காலையில வந்து பார்ப்பேன். கல்லு எல்லாம் புது இடத்தில இருக்கணும். முடியுமா?"

மண்டோர் கணக்குப் போட்டார். முதல் பன்னிரண்டு கல் அப்படியே இருக்கலாம். நாற்பது கல்லைப் பிடுங்கி நகர்த்த வேண்டும். இருபது புதிதாக வார்க்க வேண்டும். அன்றையும் சேர்த்துக் கைவசம் ஒன்பது நாள் – தினம் மூன்று மணி நேரம்.

"முடியும்" என்றார். என்னைப் பார்த்து ஒரு வார்த்தை சேர்த்தார்: "படத்தக் கண்ணுல காட்டுனா."

வீட்டுக்குப் போய் மனைவி சரசுவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஆறுதல் சொல்வாள் என்று நினைத்தேன். நீங்களும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள்.

"எனக்குக் கல்யாணத்துக்கு எடுத்த பட்டுச் சேலைய என்ன பண்ணுனீங்க?" என்றாள்.

"அது எதுக்கு இப்ப?"

"சாயம் போயிரும், கிழிஞ்சிரும்னு பெட்டியில பூட்டி வச்சீங்க. நாலு வருசம். தொறந்தா என்ன இருந்துச்சு?"

எலி இருந்தது. குட்டிகளோடு.

"இனிமே எதையும் நீங்க பத்திரமா வைக்காதீங்க" என்றாள். "தொலைச்சாக்கூட யாராவது எடுத்துக் குடுப்பாங்க. நீங்க பத்திரமா வச்சா ஒருத்தருக்கும் கெடைக்காது."

கவலைப்படுகிறவன் பொருளைக் காப்பாற்றுகிறான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் அவன் காப்பாற்றுவது தன் கவலையைத்தான். பொருள் எப்படிப் போனாலும் அவனுக்குப் பெட்டி பூட்டியிருந்தால் போதும்.

மறுநாள் காதர் பாயிடம் ஆறு மூட்டை சிமெண்டு கேட்டு, என் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். பாய் விஷயத்தைக் கேட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"எந்தப் பெட்டியிலப்பா வச்சே?"

"நம்ம கடைப் பெட்டியில பாய்."

"அப்பத் தப்புல பாதி என் பெட்டிக்குச் சேரும்ல? சிமெண்ட எடுத்துட்டுப் போ. எம்பேர்ல எழுது. பெட்டிச் சாவியையும் இங்க வச்சுட்டுப் போ."

புது பிளான் இரண்டு நாளில் வந்தது. இந்தத் தடவை அதை ஒரு பலகையில் ஆணியடித்து, நிலத்தின் நட்டநடுவில், ஒரு துண்டுத் தகரத்துக்குக் கீழே நிறுத்தினோம். ஆணியடித்தவன் நான்தான். ஒவ்வோர் ஆணிக்கும் எனக்குள் ஒரு வலி.

எல்லாரும் வந்து பார்த்தார்கள். எழுத்துத் தெரியாதவர்களும் விரலால் தொட்டுப் பார்த்தார்கள். "இதான் என்னுது, இது ஒன்னுது." "கக்கூஸ் எங்கலா வருது?" "ஐயய்யோ, அந்தோணி வீட்டுக்குப் பக்கத்துலயா நானு? குறட்ட விடுவான்லா!" நான் ஆறு மாதமாகச் சொல்லிப் புரியவைக்காததை அந்தக் காகிதம் பத்து நிமிடத்தில் புரியவைத்தது.

மாரியாயிதான் முதலில் கண்டுபிடித்தாள், அடுக்களைக் கதவு காற்றடிக்கும் பக்கம் இருப்பதை. "அடுப்பு எப்படி எரியும்?" என்றாள். ஓவர்சியரிடம் சொன்னோம். கதவை மாற்றிப் போட்டார். பழைய பிளானிலும் அந்தக் கதவு அங்கேதான் இருந்ததாம். யார் பார்த்தோம்?

கல் நகர்த்துவது பற்றி நான் பயந்தது போல் ஒன்றுமில்லை. நீளக் கம்பைக் கொடுத்து நெம்பி, கயிறு போட்டு, ஆறு பேர் சேர்ந்து இழுத்தால் வந்தது. "ஏலேலோ" எல்லாம் பாடவில்லை. என் பெயரைச் சொல்லித்தான் இழுத்தார்கள். "செக்ரெட்டரிக்கு ஒண்ணு... செக்ரெட்டரிக்கு ரெண்டு..." நாற்பது தடவை. நானும் கயிறு பிடித்தேன். உள்ளங்கை இரண்டும் கொப்பளித்து, அந்த வாரம் வெங்காய விலையைப் பற்றி எழுதியதே சரசுவின் கையால்தான். நான் சொல்லச் சொல்ல எழுதினாள். எழுத்துப் பிழை கண்டவர்கள் என்னை மன்னிக்கவும். கண்டதாக அவளிடம் சொல்ல வேண்டாம்.

ஒன்பதாம் நாள் நாலரை மணிக்குக் கடைசிக் கல் நின்றது. மண்டோர் பெரட்டு நோட்டை மூடிவிட்டு, "எல்லாருக்கும் முழுப் பேர்" என்றார். என்னைப் பார்த்து, "செக்ரெட்டரிக்கு... முக்கால்" என்றார்.

செவ்வாய்க்கிழமை காலையில் ஓவர்சியர் வந்து, நாடா பிடித்து, கல்லுக்குக் கல் அளந்தார். நோட்டில் குறித்துக்கொண்டார். சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். பிற்பகல் கவுன்சில் ஆபீஸ் வாசலில் நான் போய் நின்றேன். தனி ஆளாகத்தான். ஒரு ஆளுக்குப் பெர்மிட் வேண்டாம்.

உள்ளே விசிறி சுற்றும் சத்தம் கேட்டது. யாரோ இங்கிலீஷில் நீளமாகப் பேசினார்கள். யாரோ இருமினார்கள். இருமல் எதிர்ப்பா, ஆதரவா? லாரிக்காரரின் மனு மேலே இருக்குமா, எங்களுடையது மேலே இருக்குமா? செங்கல் சுவருக்குப் பணம் எங்கே என்று கேட்டால்? அடுத்த மாதக் கடைசி என்றால் இன்னும் எத்தனை நாள்? விரல்விட்டு எண்ணினேன். மறுபடி எண்ணினேன். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு கணக்கு வந்தது.

நாலு மணிக்கு ஓவர்சியர் வெளியே வந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. என் பக்கத்தில் வந்து நின்று சிகரெட் பற்றவைத்தார்.

"பாஸ்" என்றார்.

எனக்கு உடனே சந்தோஷம் வரவில்லை. "எழுத்துல குடுப்பாங்களா சார்?" என்றுதான் கேட்டேன்.

அடுத்த வாரம் வியாழக்கிழமை எழுத்திலும் கொடுத்தார்கள். மண்டோர் தலைவராகக் கையெழுத்துப் போட்டார், நான் செக்ரெட்டரியாக. என் நல்ல கையெழுத்து அன்றைக்குப் பார்த்துக் கோணிக்கொண்டது. முதல் வருட வாடகையைக் கட்டி ரசீது வாங்கினோம்.

நேற்று சனிக்கிழமை. மறுபடி பெர்மிட், மறுபடி அதே கான்ஸ்டபிள். இந்தத் தடவை அவரே என்னிடம் வந்து, "என்னை எழுதிட்டியா?" என்று கேட்டுச் சிரித்தார்.

யாருக்கு எந்த வீடு என்று சீட்டுப் போடுவதாக முதலில் பேச்சு. மண்டோர் அதைத் தள்ளி வைத்தார். "மொத ஜோடி அஞ்சலைக்கும் ராமாயிக்கும். மத்தவங்களுக்கு இன்னும் டைம் இருக்கு. எவனாச்சும் வேண்டாம்னு சொல்றதா இருந்தா இப்பவே சொல்லு." எவனும் சொல்லவில்லை. முதல் ஜோடிக்கு மரத்தூண்கள் நின்றுவிட்டன. கூரைத் தகரம் வந்து இறங்கிவிட்டது. கணக்குப் பார்த்தால் அடுத்த மாதக் கடைசிக்குள் – நானே சொல்கிறேன், கவலைப்படுகிறவனே சொல்கிறேன் – முடிந்துவிடும்.

நடுவில் அந்தச் செங்கல் சுவர் இடுப்பளவு எழும்பியிருந்தது. அஞ்சலையக்கா இந்தப் பக்கம் உட்கார்ந்து, ஒரு கரண்டியால் டக் டக்கென்று தட்டினார்.

"ராமாயீ... கேக்குதா?"

"சுவரே இன்னும் எழும்பல, ஒன் மூஞ்சியே தெரியுது. கேக்காம என்னா!"

"மூஞ்சியப் பாக்காம சொல்லுடி."

ராமாயி அந்தப் பக்கம் குனிந்துகொண்டாள். மறுபடி டக் டக்.

"கேக்குது" என்று குரல் வந்தது. "செங்கல்லு பலகைய விட நல்லாவே கேக்குது. சாமி படத்துக்குக் காசு குடுத்துட்டு அப்புறமா தட்டு."

தேத்தண்ணி குடித்தபின் நான் குத்தகைப் பத்திரத்தைத் தமிழில் சொன்னேன். காதர் பாய் மகன் இங்கிலீஷ் படித்தவன். முன்தினமே வரிவரியாக எனக்கு எடுத்துச் சொல்லியிருந்தான். பன்னிரண்டு வீடு. முப்பது வருடம். வீடு ஒன்றுக்கு வருடத்துக்குப் பதினைந்து வெள்ளி வாடகை. முதல் வருடம் கட்டியாயிற்று.

பிறகு, என்னால் சும்மா இருக்க முடியுமா? பாக்கியைக் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். அதையும் சொன்னேன். இன்னும் இருபத்தொன்பது வருடம், வீட்டுக்கு இத்தனை வெள்ளி. இத்தனை நீளக் கடனை என் வம்சத்தில் எவனும் வாங்கியதில்லை. அதற்குள் ரப்பர் விலை விழுந்தால்? கண் தெரியாமல் போனால்?

அஞ்சலையக்கா கரண்டியைக் கீழே வைத்தார்.

"தம்பி, இன்னொருக்கா சொல்லுங்க. இன்னும் இருபத்தொம்போது வருசம் நம்ம கட்டணுமா?"

"ஆமாக்கா" என்றேன், மன்னிப்புக் கேட்பது போல.

"அப்ப, கட்டிக்கிட்டே இருந்தா, இருபத்தொம்போது வருசத்துக்கு நம்மளக் கெளம்புன்னு யாரும் சொல்ல முடியாதுல்ல?"

நான் பத்திரத்தை எடுத்து மறுபடி பார்த்தேன். பார்க்கத் தேவையில்லை, ஆனாலும் பார்த்தேன்.

"முடியாதுக்கா."

அவர் சிரித்தார். ராமாயி சிரித்தாள். மண்டோர் மீசையைத் தடவினார். ஒரு கடனைக் கேட்டு மனிதர்கள் இப்படிச் சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை. ஒரு வார நோட்டீசில் மூட்டை கட்டிப் பழகியவர்களுக்கு, முப்பது வருடத்துக்கு ஒருவர் வாடகை கேட்டு வருவார் என்பது எவ்வளவு பெரிய செய்தி!

பத்திரத்தை இரும்புப் பெட்டியில் வைக்கவில்லை. ஒரு நகல் எழுதி, பிளான் பலகையிலேயே ஒட்டிவிட்டேன். யார் வேண்டுமானாலும் தொட்டுப் பார்க்கலாம்.

ஓரத்தில் பென்சிலால் மட்டும் ஒன்று எழுதி வைத்திருக்கிறேன். என் வீட்டுக்கு இன்னும் பாக்கி: நானூற்று முப்பத்தைந்து வெள்ளி.